மூடியைத் திறக்குமுன்



இல்லற வாழ்வின் பல்வேறு கூறுகளை இப்பகுதியில் மாதந்தோறும் சிந்தித்து வருகிறோம். செபம், பிள்ளை வளர்ப்பு, முதியோரைப் பேணுதல் ஆகியவற்றை எதிர்பார்த்து இப்பக்கத்தைத் திறப்போருக்கு இம்மாதப் பொருள் சற்று வியப்பளிக்கலாம். வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் இருக்கும் 'சம்ப்' எனும் தண்ணீர்த் தொட்டியையும், அதிலிருந்து நீரை மாடிக்கு ஏற்றும் மோட்டாரையும், அவை பழுதுறும்போது நாம் நடந்துகொள்ளும் முறையையும் பற்றியே பேசப் போகிறோம்.

மோட்டாருக்கும் மறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஒரு குடும்பம் தன் அயலானை எவ்வாறு மதிக்கிறது என்பதைக் கோவிலில் காண்பதைவிட, மோட்டார் நின்றுபோன ஒரு காலைப்பொழுதில் அவ்வீட்டு வாசலில் தெளிவாகக் காணலாம். அதுவே தொடர்பு. பொறுமையாக வாசியுங்கள்.

கிணறும் கப்பியும் கயிறுமாய் நம் முன்னோர் வாழ்ந்தனர். ஆயிரம் லிட்டர் கொள்ளும் மாடித் தொட்டியொன்றைப் பதினைந்து லிட்டர்க் குடத்தால் நிரப்புவதானால் ஏறத்தாழ 67 முறை படியேற வேண்டும். அந்நடையெல்லாம் பெரும்பாலும் பெண்களின் நடையாகவே இருந்தது. அவ்வேலையை இன்று அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்திற்குள் முடித்துவிடுகிறது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூரில் 1937ஆம் ஆண்டு ஜி. டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். அந்நகரின் பட்டறைகளிலிருந்து புறப்பட்ட மோட்டார்கள் முதலில் வயற்காட்டுக் கிணறுகளையும், பின்னர் வீட்டு முற்றங்களையும் அடைந்தன. நம் தாய்மார்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிவைத்த இக்கருவியை நன்றியோடு நோக்குவது தகும்.

நன்றியின் முதற்படி, அது எவ்வாறு இயங்குகிறது என அறிதலாகும். மோட்டார் தண்ணீரை 'உறிஞ்சுகிறது' என்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. மோட்டாரோடு இணைந்த பம்பினுள் 'இம்பெல்லர்' எனும் சிறு சக்கரம் சுழன்று, தன் நடுவிலுள்ள நீரை ஓரத்திற்கு வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. அப்போது, தொட்டியிலுள்ள நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றே குழாய் வழியாக நீரை மேலே தள்ளுகிறது. வெளிக்காற்றின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கின்படி அது 10.3 மீட்டர், நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டர் எனக் கொள்ளலாம். அதற்குக் கீழே நீர் இருப்பின், தரைமேல் வைத்த மோட்டார் எத்துணை வலியதாயினும் பயனில்லை. மோட்டாரையே நீருக்குள் இறக்க வேண்டும்.

இவ்வுண்மையை விளக்கியவர் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி. காற்றுக் கடலின் அடித்தளத்தில் நாம் வாழ்கிறோம் எனும் கருத்தை அவர் 1644இல் மடலொன்றில் எழுதினார். அவருக்கு ஆசானாக இருந்தவர் பெனடெட்டோ கஸ்தெல்லி எனும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. ஓடும் நீரை அளப்பது பற்றி 1628இல் நூலொன்று வெளியிட்டவர் இவர். துறவி ஒருவர் தண்ணீரைப் பற்றி ஆராய்ந்தது தம் அழைத்தலுக்கு அப்பாற்பட்ட வேலை என்று எண்ணவில்லை. ஆகவே நாமும் இங்குக் குழாயையும் வால்வையும் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

இனிப் பழுதுகளைக் காண்போம். அவை பல எனத் தோன்றினும், வீட்டில் அடிக்கடி எழுவன நான்கே.

முதலாவது, மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. மோட்டார் 'செத்துவிட்டது' என்று பலர் இதைக் கண்டு பதறுவர். பெரும்பாலும் மோட்டாரில் குறை இராது. குழாயினுள் காற்றுப் புகுந்திருக்கும். காற்றை வீசியெறிய இம்பெல்லரால் இயலாது; அதற்கு நீர் வேண்டும். ஆதலின் மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, பம்பின் மேலுள்ள திருகை அவிழ்த்து, குமிழி அடங்கும்வரை நீரூற்றி, திருகை இறுக மூடி, மீண்டும் ஓட்ட வேண்டும். பெரும்பாலும் இதுவே போதும். ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் மீண்டும் இறங்கிப்போகுமாயின், குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட்வால்வு சரியாக மூடவில்லை என அறிக. அதில் மணலோ, சிறு கல்லோ, பாசியோ சிக்கியிருக்கும். இணைப்புகளில் எங்கேனும் காற்றுக் கசிவும் இருக்கலாம்.

இரண்டாவது, மோட்டார் உறுமும், சுழலாது. உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சுழலாத மோட்டாரில் மின்சாரம் மிகுதியாகப் பாய்ந்து, சில நிமிடங்களில் அதன் காயிலை எரித்துவிடும். ஊருக்குச் சென்று திரும்பிய குடும்பங்களில் இது மிகுதியாக நிகழும். ஓடாமற் கிடந்த இம்பெல்லர் துருவேறி இறுகிவிடுகிறது. மெயினை அணைத்தபின் பின்புறத் தண்டைத் திருப்புளியால் சுற்றிப் பார்த்தால் பிடிப்பு விடும். தண்டு எளிதில் சுழன்றும் மோட்டார் உறுமுமாயின், கண்டென்சர் தளர்ந்திருக்கக்கூடும். மின்னிணைப்பை எடுத்த பின்னும் கண்டென்சர் தன்னுள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். எனவே அதை மாற்றும் வேலையை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தண்டின் அருகே நீர் சொட்டும், அல்லது பேரிங் இரையும். தேய்ந்த சீலையும் பேரிங்கையும் உடனே மாற்றுவது சிறு செலவு. சொட்டும் நீர் மோட்டாருக்குள் புகும்வரை காத்திருப்பது பெருஞ்செலவு. தொட்டியில் நீர் இல்லாதபோது மோட்டாரை ஓடவிடுவதே சீல் கெடுவதற்குப் பெருங்காரணம். நீர்மட்டம் தாழ்ந்தவுடன் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் இப்போது எங்கும் கிடைக்கிறது.

நான்காவது, மோட்டாரைத் தொட்டால் 'ஷாக்' அடிக்கும், அல்லது ஃபியூஸ் அடிக்கடி போகும். இதைச் சிறு தொல்லையெனக் கருதிச் செருப்பணிந்து சுவிட்சைப் போடும் வீடுகள் உண்டு. இது தொல்லையன்று, முன்னெச்சரிக்கை. உள்ளே காயிலின் காப்பு உரிந்து, மின்சாரம் இரும்பு உடலில் ஏறியிருக்கிறது. ஃபியூசுக்குத் தடித்த கம்பி கட்டுவது, கூவி எச்சரிக்கும் காவலனின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். மோட்டாருக்கு முறையான எர்த் கம்பி வேண்டும். 30 மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் கருவியும் வேண்டும். மோட்டார் நீருக்குள்ளேயே இருப்பின், மெயினை அணைக்காமல் அந்நீரில் ஒருவரும் கையையும் நனைத்தலாகாது. அதை மேலே தூக்குவதற்கு அதனோடு கட்டிய கயிற்றையே பற்ற வேண்டும். மின்கம்பியைப் பிடித்து இழுத்தல் கூடாது.

இதுவரை கூறியன பணத்தையும் வசதியையும் சார்ந்தவை. இனிக் கூறப்போவது உயிரைச் சார்ந்தது.

மேற்சொன்ன முதற்பழுதை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஃபுட்வால்வு தொட்டியின் அடியில் இருக்கிறது. தொட்டியின் ஆழம் ஆறேழு அடி. வாயோ இரண்டடிச் சதுரம். 'இறங்கி ஒரு நொடியில் சுத்தம் செய்துவிட்டு வந்துவிடலாம்' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த ஒரு நொடியில் மாண்டவர் நம் நாட்டிற் பலர். பாம்பு கடித்து மாண்டாரல்லர். நீரில் மூழ்கி மாண்டாரல்லர். பலர் முழங்கால் அளவு நீரிலேயே மாண்டனர். அவர்களைக் கொன்றது அங்கிருந்த காற்று.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்ஸிஜன் உண்டு. அது 19.5 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினாலே அவ்விடம் பணிசெய்யத் தகாதது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. 10 விழுக்காட்டிற்குக் கீழே மனிதன் விரைவில் உணர்விழப்பான். 6 விழுக்காட்டிற்குக் கீழே சில நிமிடங்களில் உயிர் பிரியும். மூடிக் கிடக்கும் தொட்டியில் இலைதழையும் சேறும் அழுகும்போது, அவை ஆக்ஸிஜனை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. ஆதலின் அடியில் தங்கிவிடுகிறது. துருவேறும் இரும்பும் ஆக்ஸிஜனைக் கவரும். கழிவுநீர் கலந்திருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எனும் நச்சுவாயுவும் சேரும். முதலில் அது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போதோ நம் மோப்பத்தையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவன் ஏமாந்து போகிறான்.

புதிதாய்க் கட்டிய தொட்டியில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். கூரைத்தளம் போட்டபின் உள்ளிருக்கும் சென்ட்ரிங் பலகைகள், தேங்கிய நீரில் வாரக்கணக்கில் ஊறி அழுகுகின்றன. ஆதலின் புதுத் தொட்டியே சில வேளைகளில் பழைய தொட்டியினும் கொடியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நிகழ்ந்ததுபோல், தெருவின் கழிவுநீர் தொட்டிக்குள் புகுந்துவிட்டால் அதைப் பற்றிக் கூறவே வேண்டா.

மெழுகுதிரியை ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் மூத்தோரிடம் இருந்தது. சுடர் அணைந்தால் ஆக்ஸிஜன் குறைவு என்பது மெய்யே. ஆனால் சுடர் அணையவில்லை என்பதனால் நச்சுவாயு இல்லை என்று பொருளாகாது. எரியும் வாயு அங்கிருப்பின் மெழுகுதிரியே வெடிப்புக்குக் காரணமாகும். எனவே மெழுகுதிரியைப் பீடத்திற்கு விட்டுவிடுவோம். தொட்டியின் காற்றை அளக்க அதற்கான அளவுகருவி உண்டு.

இத்தகைய துயரங்களில் மிகக் கொடியது ஒன்று. இறங்கியவனிடமிருந்து குரல் வரவில்லை, அவனைத் தூக்க அண்ணன் இறங்குகிறான், அவனும் சாய்கிறான், அலறல் கேட்டு ஓடிவந்த அண்டைவீட்டார் இறங்குகிறார். ஒரு சவப்பெட்டிக்கு மாறாக மூன்று. அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் மாண்டோருள் அறுபது விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்றச் சென்றவர்களே என்று கூறியது. அன்பே அவர்களைக் கீழே இறக்கியது. அறியாமை அவர்களை மேலே வரவிடவில்லை.

நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதினும் மேலான அன்பு இல்லை என்று ஆண்டவர் கற்பிக்கவில்லையா எனக் கேட்பீர்கள். கற்பித்தார். அதே ஆண்டவர், கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, கடவுளைச் சோதித்தல் தகாது என்று மறுத்தார். உயிரைக் கொடுத்தல் வேறு, உயிரை வீணாக்குதல் வேறு. இவ்வேறுபாட்டைத் திருமறை ஓர் அழகிய நிகழ்ச்சியால் நமக்கு உணர்த்துகிறது.

எரேமியா நூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இறைவாக்கினரைப் பகைத்த தலைவர்கள் அவரை ஒரு நிலத்தடித் தொட்டியில் இறக்கிவிட்டனர். அதில் நீரில்லை, சேறே இருந்தது. எரேமியா அச்சேற்றில் அமிழ்ந்தார். இஸ்ராயேலின் பெருமக்கள் ஒருவரும் அசையவில்லை. அரண்மனையில் பணியாற்றிய எபேது மெலேக்கு எனும் எத்தியோப்பியர், அந்நியர், அதைக் கேட்டறிந்து அரசனிடம் சென்று முறையிட்டார். அதன்பின் அவர் செய்ததை நன்கு கவனியுங்கள். அவர் தொட்டிக்குள் குதிக்கவில்லை. ஆட்களைச் சேர்த்தார். கயிறுகளைக் கொண்டுவந்தார். அரண்மனைக் கிடங்கிலிருந்து கந்தைத் துணிகளையும் தேடியெடுத்து, அவற்றை முதலில் கீழே இறக்கினார்; கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு எரேமியாவிடம் கூறினார். பின்னர் அனைவரும் மேலிருந்தே தூக்கினர். இறைவாக்கினர் உயிர் பிழைத்தார்.

இறங்கியவனை மீட்பதற்கு இன்று எழுதப்படும் பாதுகாப்பு விதிகளின் சாரமும் இதுவே: மேலே நில், ஆள் சேர், கயிற்றால் தூக்கு.

இனி, நம் தொட்டிக்குள் இறங்குபவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். வீட்டுத் தலைவர் இறங்குவது அரிது. பெரும்பாலும் இறங்குபவர் பிளம்பரின் துணையாள். அல்லது தெருக்கோடியிலிருந்து 'ஓர் ஆளைக் கூப்பிடு' என்று வரவழைக்கப்படும் ஏழை.

வீடு சந்திக்கச் சென்ற ஓரிடத்தில் நாம் கண்டது இது. மோட்டார் நீரேற்றவில்லை. வீட்டுக்காரர், பிளம்பரோடு வந்திருந்த பத்தொன்பது வயது இளைஞனைச் சுட்டிக் காட்டி, "இவனுக்கு ஒல்லி உடம்புதானே தம்பி? இறக்கிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை" என்றார்.

பிளம்பர், "வேண்டாம் ஐயா. குழாயை அறுத்து மேலேயே தூக்கிப் பார்த்துவிடலாம். அரைநாள் கூடுதலாகும்" என்றார்.

"அரைநாள் என்றால் கூலியும் கூடுமே?"

"கூடும் ஐயா. இவன் அம்மாவிடம் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறேன். சாயங்காலம் இவனை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்."

வீட்டுக்காரர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் உள்ளே சென்று, குழாயைத் தூக்குவதற்குத் தாமே கயிறு எடுத்து வந்தார். மாலைக்குள் வால்விலிருந்த கல் அகன்றது. அறுத்த இடத்தில் ஒரு 'யூனியன்' பொருத்தப்பட்டது. இனிப் பழுது வந்தால் குழாயை அறுக்கவும் வேண்டா, ஒருவரும் இறங்கவும் வேண்டா. திருகைக் கழற்றித் தூக்கினால் போதும். கூடுதலாகச் செலவானது சில நூறு ரூபாய். அத்தாய்க்கு மகன் வீடு திரும்பினான்.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. குழியைத் திறந்து வைத்தவனோ, குழி வெட்டி மூடாமல் விட்டவனோ, அதில் விழுந்து மாடோ கழுதையோ செத்தால், குழிக்கு உரியவனே ஈடு செய்ய வேண்டும். 'மாடு பார்த்து நடந்திருக்கலாமே' என்று அவன் சாக்குச் சொல்ல இயலாது. ஒரு கழுதையின் உயிருக்கே குழியின் உரிமையாளன் பொறுப்பெனில், கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனின் உயிருக்கு யார் பொறுப்பு? 'கூலி பேசினேன், அவனே இறங்கினான்' என்பது அரசாங்கத்தின் முன்னேயே நில்லாத வாதம். ஆண்டவர் முன்னே அது எவ்வாறு நிற்கும்?

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமையன்று. சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைக் கொண்டு தூய்மை செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அவ்வேலையில் மாண்டோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. குடிநீர்த் தொட்டியை அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்று வாதிடுவோர் இருப்பர். நச்சுக்காற்று தொட்டியின் பெயரைக் கேட்டு வருவதில்லை. சட்டத்தின் சொல் எட்டாத இடத்திற்கும் மனச்சான்றின் சொல் எட்டும்.

இன்னொன்றையும் கசப்பாயினும் கூற வேண்டும். தரைக்குச் சலவைக்கல் வாங்கும்போது விலை பேசாத நாம், குழாய் பழுது பார்ப்பவரிடம் ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் வழக்காடுகிறோம். 'அடுத்த வாரம் வா' என்று கூலியைத் தள்ளிப்போடுகிறோம். கொடாமல் வைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று திருத்தூதர் யாகப்பர் எழுதியதையும், 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நியாயக் கூலியைப் பற்றி உலகிற்கு எழுதியதையும் நாம் அறியாதவரல்லர். மேலும், நம் தண்ணீரைச் சீராக்கித் தந்தவர் தாகத்திற்குத் தண்ணீர் கேட்டால், அவருக்கென ஒதுக்கிய குவளையைத் தேடும் வீடு ஒன்றேனும் நம் பங்குகளில் எஞ்சியிருக்குமாயின், அவ்வீட்டார் யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசிக்கட்டும். யூதர் தீண்டாத சமாரியப் பெண்ணின் பாத்திரத்திலிருந்து நீர் பருகக் கேட்டவர் யார்? அவருடைய கிண்ணத்திலன்றோ ஞாயிறுதோறும் நாம் பங்கு கொள்கிறோம்?

வீட்டிற்கு வீடு கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

எப்பழுதாயினும் முதலில் மெயினை அணையுங்கள். வேலை முடியும்வரை அதைத் தெரியாமல் போட்டுவிடாதபடி ஒருவர் அருகில் நிற்கட்டும்.

மேலிருந்தே செய்யத்தக்க வேலையை மேலிருந்தே செய்யுங்கள். புதிதாகக் குழாய் போடுவோர் யூனியன் பொருத்தச் சொல்லுங்கள். தூய்மை செய்வதற்கும், வெளியிலிருந்தே நீரை வீசிச் சேற்றை உறிஞ்சும் எந்திரம் வைத்திருப்போரை அழைப்பதே சிறந்தது.

இறங்குவதைத் தவிர்க்கவே இயலாதெனில், நீரை முற்றிலும் இறைத்துவிட்டு, மூடியைத் திறந்து, இயன்றால் ஒரு நாள் முழுதும் விட்டுவையுங்கள். மேலே வைத்த காற்றூதியின் குழாயை அடிவரை விட்டுக் காற்றை ஓட்டுங்கள். ஆள் உள்ளிருக்கும் வரை அது ஓடட்டும். மூடி நெடுநேரம் திறந்திருந்தது என்பது மட்டும் உறுதியாகாது. அளவுகருவி கொண்டு சோதித்தபின் இறங்குவதே முறை. இறங்குபவர் உடலில் பட்டையும் கயிறும் கட்டியிருக்க வேண்டும். மேலே இருவர் நின்று இடைவிடாது பேச்சுக் கொடுக்க வேண்டும். மறுமொழி நின்றால் கயிற்றை இழுங்கள். ஒருவரும் இறங்காதீர்கள். 101 எண்ணில் தீயணைப்புத் துறையையும் 108 எண்ணில் அவசர ஊர்தியையும் அழையுங்கள்.

பெட்ரோல் எஞ்சினைத் தொட்டிக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகை மணமற்ற நஞ்சைக் கொண்டது. பாசியை நீக்க ஆசிடை ஊற்றாதீர்கள். அது பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் நச்சு எழும். குடிநீரைத் தூய்மையாக்க ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்த்து, அரைமணி நேரம் விட்டால் போதும்.

மூடி எப்போதும் இறுக மூடியிருக்கட்டும், பூட்டும் இருக்கட்டும். திறந்த தொட்டியில் மலேரியா, டெங்குக் கொசுக்கள் முட்டையிடும். தவழும் குழந்தையும் அதை நாடும்.

புதுவீடு மந்திரிக்க எம்மை அழைப்போர், சமையலறை, படுக்கையறை, பூசையிடம் என ஒவ்வோர் அறையிலும் தீர்த்தம் தெளிக்கச் செய்கின்றனர். இனி முற்றத்துத் தொட்டியின் மூடியண்டையும் எம்மை அழைத்துச் செல்லுங்கள். அங்கே நாம் இரண்டு கேள்விகள் கேட்போம்: 'உள்ளிருந்த பலகைகளை எடுத்தவர் நலமாக இருக்கிறாரா? அவர் கூலி முழுவதும் கொடுத்தாயிற்றா?' இரண்டிற்கும் ஆம் என்று விடை கிடைக்கும் வீட்டில் ஆசியுரைக்க எமக்குத் தயக்கமிராது.

பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் இளைஞர் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். காற்றூதி ஒன்று, உறுதியான கயிறு, இடுப்புக்கும் தோளுக்கும் கட்டும் பட்டை, வாயுவை அளக்கும் கருவி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கிக் கோவில் அறையில் வையுங்கள். தனியொரு குடும்பத்திற்கு இவை பெருஞ்செலவு. பங்கு முழுவதும் சேர்ந்தால் ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவுக்குள் அடங்கக்கூடும். மதம் கேளாமல் எவர் வந்து கேட்பினும் கொடுங்கள். பயன்படுத்தக் கற்றவர் இருவரும் உடன் செல்லட்டும்.

எபேது மெலேக்கிடம் கயிறு மட்டும் இருந்திருந்தாலும் எரேமியா பிழைத்திருப்பார். கந்தைத் துணியையும் அவர் தேடிச் சென்றது, தாம் தூக்கப்போகிறவருக்கு அக்குள் வலிக்குமே என்று எண்ணியதனால். நம் தொட்டியின் மூடியைத் திறக்குமுன், உள்ளே இறங்க வந்திருப்பவரைப் பற்றி அவ்வாறு ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். அவர் பெயர் என்னவென்று கேட்போம். வீட்டில் அவருக்காகக் காத்திருப்பவர் யாரென்றும் கேட்போம். அதன்பின் அவரை இறங்கச் சொல்ல நமக்கு மனம் வருகிறதா என்று பார்ப்போம்.